தெர்மாக்கோல் கழிவு கலந்த காப்புக் கான்கிரீட்: இரண்டு கோடைகள் பயன்படுத்திய பிறகு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 30 சதுர மீட்டர் பரப்பின்மேல், சராசரியாக 100 மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்ட ஒரு பொருளைப் பற்றிய மதிப்புரை இது. மின்சாதனப் பெட்டிகளுக்குள் பொருளைத் தாங்கி வரும் தெர்மாக்கோல் வார்ப்புகளைக் கழிவாகச் சேகரித்து, அரைத்துத் துகளாக்கி, சிமெண்டும் பிணைப்புச் சேர்மங்களும் சேர்த்து, தண்ணீர் மட்டும் ஊற்றிக் கலக்கும்படி பையில் அடைத்து விற்கிறார்கள். பையின்மேல் ‘எடை குறைந்த வெப்பக் காப்புக் கான்கிரீட்’ என்று எழுதியிருக்கிறது. போட்டு இரண்டு கோடைகளும் ஒரு நீண்ட மழைக்காலமும் கடந்துவிட்டதால், முதல் மாதத்து உற்சாகத்தில் எழுதியிருக்கக்கூடியதைவிட நிதானமாக இப்போது எழுத முடிகிறது. தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைப் பொருள் எதை வாங்கினாலும் எழக்கூடியவை.

முதலில் பயனைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்பு, பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கூரைத்தளம் பொழுது சாய்ந்த பிறகு அந்த வெப்பத்தை அறைக்குள் இறக்கத் தொடங்கும். வெளியே காற்று குளிர்ந்த பின்னும், நள்ளிரவு வரை கீழே படுத்திருப்பவர் முகத்தில் அனல் படும். இப்போது அந்த அனல் இல்லை. அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வெளிக்காற்று சூடாக இருக்கும் நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்தால் அறையும் சூடாகத்தான் இருக்கும். ஆனால் கூரை இப்போது அடுப்புக்கல்லாக இருப்பதில்லை. காப்பு அடுக்கு தளத்தின் வெளிப்புறத்தில் இருப்பதால் கனமான தளம் நிழலில் நிற்பதுபோல் நிற்கிறது; வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அலைச்சலும் அதற்குக் குறைந்துவிட்டது.

இதன் காரணம் எளியது. தெர்மாக்கோல் என்று நாம் அழைக்கும் நுரைத்த பாலிஸ்டைரீனின் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றுதான். அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளில் அசையாமல் அடைபட்டுக் கிடப்பதால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை. சாதாரணக் கான்கிரீட்டின் வெப்பக் கடத்துத்திறன் (இந்த எண் குறையக் குறையக் காப்பு கூடும்) மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 1.6 வாட் என்றால், கன மீட்டருக்கு 300 கிலோ எடையுள்ள தெர்மாக்கோல் கான்கிரீட்டின் மதிப்பு 0.1 வாட்டை ஒட்டியே இருக்கிறது. அதாவது, நான் போட்ட 100 மில்லிமீட்டர் அடுக்கு செய்யும் காப்பை வெறும் கான்கிரீட்டால் பெறவேண்டுமானால் 1.6 மீட்டர் கனத்துக்குக் கொட்டவேண்டியிருக்கும். எடையைப் பார்த்தாலும் வேறுபாடு பெரிது. சாதாரணச் சாந்துத் தளத்தை அதே கனத்துக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் கூரை சுமக்கவேண்டும். இது 30 கிலோவோடு நின்றுவிடுகிறது.

ஆனாலும் ஒரு நேர்மையான ஒப்பீட்டைத் தவிர்க்கக்கூடாது. தெர்மாக்கோல் பலகையை அப்படியே கூரைமேல் விரித்தால், 36 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையே இந்த 100 மில்லிமீட்டர் அடுக்குக்கு இணையான காப்பைத் தந்துவிடும். சிமெண்டு எப்போது சேர்ந்ததோ அப்போதே காப்பில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டோம். இதை விற்பனைத் துண்டறிக்கை எதுவும் சொல்வதில்லை. அப்படியிருந்தும் நான் இந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்ததற்கு என் கூரையின் அமைப்பே காரணம். பழைய தளம் மேடும் பள்ளமுமாக இருந்தது. குழாய்கள் குறுக்கே ஓடின. மழைநீர் வடிவதற்கான வாட்டமும் தவறான பக்கம் இருந்தது. பலகை என்றால் சமதளம் வேண்டும், இணைப்புகளை அடைக்கவேண்டும், வாட்டத்துக்குத் தனியாகச் சாந்து போடவேண்டும். இந்தக் கலவையோ பள்ளத்தை நிரப்பி, குழாயைச் சுற்றி அணைத்துக்கொண்டு, வேண்டிய பக்கம் வாட்டத்தையும் ஒரே வேலையில் தந்துவிட்டது. வடிகுழாய் வாயருகே 60 மில்லிமீட்டரும் எதிர்ச்சுவரோரம் 140 மில்லிமீட்டருமாக இழுத்துவிட்டோம். சமமான, வாட்டம் சரியாக உள்ள கூரை உடையவர்கள் பலகையையே போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து.

இனி என் பெரிய குறை. பையின்மேல் வெப்பக் கடத்துத்திறன் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் எந்த அடர்த்திக்கு அந்த எண் பொருந்தும் என்பது அச்சிடப்படவில்லை. இந்தப் பொருளைப் பொறுத்தவரை அடர்த்தியைச் சொல்லாமல் காப்பைச் சொல்வது, படியின் அளவைச் சொல்லாமல் விலை சொல்வதற்குச் சமம். 300 கிலோவில் 0.1 ஆக இருக்கும் மதிப்பு, 600 கிலோவை எட்டும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். 1000 கிலோவில் மூன்று மடங்கையும் தாண்டிவிடும். தொலைபேசியில் கேட்டபோது, ‘எங்கள் பொருள் மிகவும் இலேசானது’ என்ற பதிலே மூன்று முறை வந்தது. ஆகையால் நானே அளக்கத் தொடங்கினேன். பத்து லிட்டர் வாளி ஒன்றும் ஒரு தராசும் போதும். ஈரக்கலவையை வாளி நிறைய அள்ளி, தரையில் இரண்டு தட்டு தட்டி, மேலே மட்டப்பலகையால் வழித்து எடைபோடவேண்டும். கன மீட்டருக்கு 240 கிலோ சிமெண்டு, 130 லிட்டர் அளவுக்குத் தண்ணீர், 15 கிலோ துகள் என்று கணக்கிட்டால் ஒரு வாளி ஏறத்தாழ 3.9 கிலோ நிற்கவேண்டும். காய்ந்த பிறகு, சிமெண்டு தன்னோடு பிணைத்துக்கொள்ளும் தண்ணீரைச் சேர்த்துச் சிமெண்டு எடையை 1.2 ஆல் பெருக்கித் துகளின் எடையைக் கூட்டினால் 303 கிலோ வரும்.

காலையில் வாளி 3.9 காட்டியது, நண்பகலுக்குப் பிறகு 5.2 காட்டியது. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. பைகள் வண்டியில் குலுங்கி வந்ததில் சிமெண்டு அடியிலும் துகள் மேலுமாகப் பிரிந்திருந்தன. கலவைக்காரர் ஒரு பையைப் பாதியாகப் பிரித்து இரண்டு தடவையாகப் போட்டபோது ஒன்று நுரையாகவும் மற்றொன்று சாந்தாகவும் வந்திருக்கிறது. ‘முழுப்பையையும் ஒரே தடவையில் கலக்கவும்’ என்ற ஒற்றை வரியைப் பையின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. கன அளவிலும் ஏமாற்றம் உண்டு. பை 100 லிட்டர் என்று எழுதப்பட்டிருந்தது. கலந்து போட்ட பிறகு 88 லிட்டரை ஒட்டித்தான் தேறியது. துகள்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தில் சிமெண்டுப் பசை புகுந்துகொள்வதால் இப்படி அமுங்குவது இயல்பு என்றாலும், வாங்குபவர் 30 பை கணக்கிட்டு இறக்கிவிட்டு வேலைக்கு நடுவே நான்கு பைக்கு ஓடவேண்டியிருப்பது இயல்பாகக் கொள்ளத்தக்கதல்ல.

கலக்கும் முறையில் கொத்தனாரின் கைப்பழக்கமே முதல் எதிரியாக நின்றது. வழக்கமான கான்கிரீட்டில் ஜல்லி அடியில் இறங்கும். இதில் துகள் மேலே மிதக்கும். பாலிஸ்டைரீன் தண்ணீரை ஒட்டவிடாத பொருள் என்பதால், தண்ணீர் சற்றுக் கூடினாலும் பசை வழிந்து கீழே போய்விடுகிறது. துகள் வெள்ளை வெளேரென்று மேலே நிற்கிறது. கலவை வறண்டிருப்பதாகத் தோன்றும்போதெல்லாம் கொத்தனார், “ஐயா, இன்னும் ஒரு குடம் விட்டால்தான் இளகும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மையில், ஒவ்வொரு துகளும் சாம்பல் நிறப் பூச்சு வாங்கி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம்தான் சரியான பதம். அதிர்வுக் கருவியை இதனருகே கொண்டுவரவே கூடாது. மட்டப்பலகையால் இழுத்து, கரணையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். மூன்றாவது நாள் அவரே அந்தப் பதத்தைக் கண்டுபிடித்து, என்னைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கத் தொடங்கினார் என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும்.

கழிவிலிருந்து அரைத்த துகள், புதிதாக ஊதித் தயாரித்த உருண்டை மணிகளைவிட மட்டமானதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. புது மணிகளைக் கான்கிரீட்டில் சேர்க்கும் யோசனை புதிதன்று, டி. ஜே. குக் என்பவர் 1973-லேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். வழவழப்பான மணி பசையோடு ஒட்டாமல் நழுவுவதே அன்றிலிருந்து ஆய்வாளர்களின் கவலை. 2003-இல் கே. கணேஷ் பாபுவும் டி. சாரதி பாபுவும் வெளியிட்ட ஆய்வு, சிலிக்கா புகைத்தூள் என்ற மிக நுண்ணிய தூளைச் சேர்ப்பதால் இந்த ஒட்டு மேம்படுவதைக் காட்டியது. அரைத்த துகளுக்கு இந்த விஷயத்தில் இயற்கையாகவே ஒரு நன்மை இருக்கிறது: அதன் விளிம்புகள் கிழிந்து கரடுமுரடாக இருப்பதால் பசை பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது, மிதப்பதும் சற்றுக் குறைகிறது. எதிர்ப்பக்கத்தில், அரைக்கும்போது உண்டாகும் நுண்தூளின் மேற்பரப்பு மிகுதி. அதைப் பூச இன்னும் கொஞ்சம் பசை வேண்டும். அந்தப் பசை எடையைக் கூட்டிக் காப்பைக் குறைக்கிறது. நான் வாங்கிய பைகளில் இந்தத் தூள் கூடுதலாகவே இருந்தது. அரைத்த பின் சலித்துத் தூளை நீக்கியிருந்தால் பொருள் ஒரு படி உயர்ந்திருக்கும். கழிவு நுரையை 130 பாகை செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கிச் சுருக்கி, கெட்டித் துகளாக மாற்றிப் பயன்படுத்தும் முறையொன்றையும் 2009-இல் வெளியான கான், டெமிர்போகா ஆகியோரின் ஆய்வு சோதித்தது. வலிமை வேண்டிய இடத்துக்கு அது நல்ல வழி. காப்பு வேண்டிய இடத்தில் காற்றை வெளியேற்றுவது நோக்கத்துக்கே முரணாகும்.

துகளின் தூய்மையைப் பற்றி நான் கடுமையாகவே எழுத விரும்புகிறேன். முதல் பத்துப் பைகளில் ஒட்டுநாடாத் துண்டுகளும், அட்டைக் காகிதமும், இரண்டொரு நெகிழிப் பட்டைகளும் கிடைத்தன. காகிதமும் நாடாவும் கலவையில் பலவீனமான இடங்களாக நிற்குமே தவிர வேறு கேடு செய்யா. அதைவிட முக்கியமானது, நுரை எங்கிருந்து வந்தது என்பதுதான். பொருள்களைப் பொதிய வரும் தெர்மாக்கோலில் பொதுவாகத் தீத்தடுப்பு வேதிப்பொருள் சேர்ப்பதில்லை. ஆனால் கட்டடக் காப்புக்கென்று முன்பு தயாரான பலகைகளில் ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெக்கேன் என்ற புரோமின் சேர்மம் பரவலாகச் சேர்க்கப்பட்டது. எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேர்ந்துகொள்வதால், அது 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஒழிக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றது. இடிக்கப்பட்ட கட்டடங்களின் பழைய காப்புப் பலகைகளை அரைத்து மீண்டும் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுவருவது, விலக்கப்பட்ட பொருளுக்கு இன்னொரு ஐம்பது ஆண்டு அடைக்கலம் கொடுப்பதாகும். ‘பொதிகழிவு மட்டுமே’ என்று எழுத்தில் உறுதி தர மறுக்கும் தயாரிப்பாளரிடம் வாங்கவேண்டாம். எனக்கு அந்த உறுதி கிடைத்தது. கிடைத்திராவிட்டால் பைகளைத் திருப்பியனுப்பியிருப்பேன்.

வலிமையை இந்தப் பொருளிடம் எதிர்பார்க்கக்கூடாது. 300 கிலோ அடர்த்தியில் அமுக்க வலிமை 1 மெகாபாஸ்கலைக்கூட எட்டாது. அரை மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. கட்டமைப்புக்குப் பயன்படும் எடை குறைந்த கான்கிரீட்டுக்கே 17 மெகாபாஸ்கலாவது வேண்டும் என்பதை நினைவில் கொண்டால், இது தூணுக்கோ உத்தரத்துக்கோ உரியதன்று என்பது விளங்கும். அரை மெகாபாஸ்கல் என்பது சீராகப் பரவினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 டன். ஆகவே மனிதர் நடமாட்டம் ஒரு பொருட்டேயல்ல. பரவாத சுமைதான் ஆபத்து. மூன்று சென்டிமீட்டர் சதுரமுள்ள ஏணிக்காலின்மேல் 60 கிலோ இறங்கினால் அந்த இடத்தில் அழுத்தம் 0.65 மெகாபாஸ்கல் ஆகிவிடும். இந்தக் கணக்கைப் போடாமலே, வேலை நடந்துகொண்டிருந்தபோது ஏணியை நேரடியாக வைத்ததில் நான்கு குழிகள் விழுந்தன. மேலே கம்பிவலை வைத்த 40 மில்லிமீட்டர் சாந்துத் தளம் கட்டாயம் வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் சூரியப் பலகைச் சட்டங்களுக்கும் உரிய கால்களை, காப்பு அடுக்கைத் துளைத்து அடித்தளத்தில்தான் ஊன்றவேண்டும். இந்தக் கலவையில் திருகாணி நிற்காது.

காய்வதற்குப் பொறுமை தேவை. ஏழு நாள் நெகிழித்தாளால் மூடி ஈரம் காத்தோம். அதன் பிறகு உள்ளிருக்கும் உபரி ஈரம் வெளியேற வாரக்கணக்கில் விடவேண்டியிருந்தது. அசையாத காற்றின் கடத்துத்திறன் 0.026, தண்ணீருடையது ஏறத்தாழ 0.6. ஈரத்தை உள்ளேயே வைத்து மேலே நீர்த்தடுப்பு பூசிவிட்டால், காப்பு அடுக்கு என்ற பெயரில் ஈரத் துணியைப் போர்த்தியதாகவே ஆகும். ஜல்லி இல்லாததால் காயும்போது சுருக்கமும் அதிகம். மூன்று மீட்டருக்கு ஒன்றாக வெட்டுக்கோடு விட்டிருந்தும் கைப்பிடிச் சுவரோரம் ஒரு மெல்லிய வெடிப்பு வந்தது. மேல்தளம் போடுமுன் அதை அடைத்துவிட்டோம், மீண்டும் வரவில்லை. நீர்த்தடுப்புப் பூச்சில் இன்னொரு கண்ணி இருக்கிறது: பெட்ரோல், தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் தெர்மாக்கோல் கண்முன்னே கரைந்துவிடும். கரைப்பான் கலந்த தார்ப்பூச்சை இந்த அடுக்கின்மேல் நேரடியாகப் பூசினால் மேற்பரப்பு அரித்த பலகையாகிவிடும். கரைப்பானுக்குப் பதிலாகத் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த பூச்சையே பயன்படுத்தவேண்டும். பிவிசி விரிப்பு போடுவதானால் நடுவே பிரிக்கும் துணியடுக்கு வேண்டும். பிவிசியை வளையும்படி வைத்திருக்கும் இளக்கிப் பொருள் பாலிஸ்டைரீனுக்குள் ஊர்ந்து போய்விட்டால் விரிப்பு விறைத்து வெடிக்கும். மின்கம்பியுறைக்கும் இதே நிலைதான் என்பதால், கம்பிகளைக் குழாய்க்குள் விட்டுத்தான் பதிக்கவேண்டும்.

தீயைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சிமெண்டுப் பசை துகள்களைச் சுற்றி மூடியிருப்பதால், வெறும் தெர்மாக்கோலைப் போல இது பற்றிக்கொண்டு எரிவதில்லை. ஆனால் 100 பாகையை ஒட்டியே பாலிஸ்டைரீன் இளகிச் சுருங்கத் தொடங்கும், இன்னும் சூடேறினால் சிதைந்து புகையும். அடர்த்தி குறையக் குறைய இந்தப் பாதுகாப்பும் குறையும். கூரையில் வெயில் மட்டுமே என்றால் கவலையில்லை என்றாலும், கருநிற மேற்பூச்சு கொளுத்தும் வெயிலில் 80 பாகையை நெருங்கக்கூடும். அது தெர்மாக்கோல் நெடுங்காலம் தாங்கும் எல்லை. ஆகையால் வெளிர்நிற மேற்பரப்பே நல்லது. தீச்சுடரால் இளக்கி ஒட்டும் தார்விரிப்பை, சாந்துத் தளம் போடுமுன் இதன்மேல் ஒட்ட அனுமதிக்கவே கூடாது.

ஒலித்தடுப்பும் உண்டு என்று பையில் எழுதியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். காற்றில் வரும் ஓசையைத் தடுப்பது எடை. இதில் அது இல்லை.

சுற்றுச்சூழல் பற்றிய உரிமைகோரலைத்தான் நான் மிகுதியும் எடைபோட்டுப் பார்த்தேன், ஏனென்றால் என்னை இந்தப் பொருளிடம் இழுத்ததே அதுதான். தெர்மாக்கோல் கழிவின் சிக்கல் அதன் இலேசுதான். ஒரு பெரிய வண்டி நிறைய ஏற்றினாலும் ஏற்றுவது பெரும்பாலும் காற்று. அதனால் தொலைவிலுள்ள மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புவது பலருக்குக் கட்டுப்படியாவதில்லை. ஆலைகளில் அமுக்கினால் கன அளவு நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கும் என்றாலும் அதற்கான எந்திரம் எல்லா இடத்திலும் இல்லை. அருகிலேயே அரைத்து, அந்தக் காற்றையே பயனாக மாற்றிக்கொள்வது இந்தக் கலவையின் உண்மையான சிறப்பு. என் கூரையில் போட்ட 3 கன மீட்டர் கலவையில் பெரும்பகுதி நுரைதான். எடையில் பார்த்தால் அது 45 கிலோவுக்கு மேல் இல்லை. அதோடு 700 கிலோவுக்கு மேல் சிமெண்டும் போயிருக்கிறது. ஒரு கிலோ சிமெண்டுக்கு 0.8 கிலோவுக்குக் குறையாத கரியமில வாயு என்று கொண்டால், கணக்கில் முதன்மையாக நிற்பது கழிவல்ல, சிமெண்டே. சிமெண்டில் ஒரு பகுதியை அனல்மின் நிலையச் சாம்பல் தூளாலோ உருக்காலைக் கசடாலோ மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். பசுமைப் பொருள் என்று விற்பவர்கள் முதலில் கைவைக்கவேண்டிய இடம் அது.

இன்னொரு கவலையும் உண்டு. இந்தக் கூரையை ஒருநாள் இடிக்கும்போது நுரையையும் சிமெண்டையும் பிரிக்க எளிய வழியில்லை. உடைக்கும் இடமெல்லாம் துகள் பறக்கும். கலக்கும்போதே ஒரு பை கிழிந்ததில் பக்கத்து வீட்டுச் செடிகள் மீதெல்லாம் வெள்ளைப் பொடி படிந்து, அதைப் பொறுக்க இரண்டு பேருக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. ஆகவே தூய்மையான, ஒரே வகையான, அமுக்கி மீண்டும் பாலிஸ்டைரீனாகவே உருக்கத்தக்க கழிவை இதில் போடுவது வீண் என்று நினைக்கிறேன். யாரும் ஏற்றுக்கொள்ளாமல் குப்பைமேட்டுக்கோ நீர்நிலைக்கோ போகக்கூடிய உடைசல்களுக்கு இது மதிப்பான இடம். கலக்கும் இடத்தைச் சுற்றிலும் துணி கட்டி, காற்றில்லாத காலை நேரத்தில் வேலையைத் தொடங்குவது நம் பொறுப்பு.

அடுத்த மாதம் மாடிப்படி அறையின் கூரைக்கும் இதே கலவையைப் போடவிருக்கிறேன். அங்கும் தளம் மேடுபள்ளம்தான், வாட்டமும் தவறுதான். இம்முறை 88 லிட்டர் கணக்கில் பைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இறக்கும்போதே இரண்டு பைகளை முழுதாகக் கலந்து வாளியில் எடைபோடுவேன் என்றும், 4.2 கிலோவைத் தாண்டினால் மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்றும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கையெழுத்திட்டார்.